கடைசிப் படகுக்கு ஒரு வாக்கி டாக்கி: ஒரு நிகழ்வு ஆய்வு

2025 தை மாதம், காணும் பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டுக்குள் ஐந்து துடுப்புப் படகுகளில் இருபத்திரண்டு பேர் போயிருந்தோம். நாலாவது படகில் நானும் என் பெரியம்மாவும். பெரியம்மாவுக்கு வயது அறுபத்து நாலு, ஆஸ்துமா உண்டு. முதல் படகில் என் மனைவி. அவள் மடியில் ஒரு துணிப்பை. பெரியம்மாவின் இன்ஹேலர் அந்தப் பைக்குள் இருந்தது.

கால்வாய் பிரியும் ஓரிடத்தில் முதல் இரண்டு படகும் இடப்பக்கம் போயின, மற்ற மூன்றும் வலப்பக்கம் திரும்பின. படகோட்டிகளுக்கு இது வழக்கம்தான். கூட்ட நாளில் நெரிசலைப் பார்த்து ஆளுக்கொரு வழியாகப் போய், அந்தப் பக்கம் சேர்ந்துகொள்வார்கள். பத்து நிமிடம் கழித்துப் பெரியம்மாவுக்கு இழுப்பு ஆரம்பித்தது.

போனில் சிக்னல் ஒரு கோடு வந்தது, போனது. நடுவில் ஒரு தடவை ரிங் போயிற்று. யாரும் எடுக்கவில்லை. தண்ணீரில் விழுந்துவிடக் கூடாது என்று என் மனைவி போனை பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பைக்கு அடியில் வைத்திருந்தாள். எங்கள் படகோட்டி எழுந்து நின்று குரல் கொடுத்துப் பார்த்தார். அந்த இடத்தில் மரங்கள் இரண்டு பக்கமும் தலைக்கு மேல் கூடி நிற்கின்றன. கத்திய குரல் இருபது முப்பது மீட்டர்கூடப் போகவில்லை, அப்படியே இலைக்குள் அமுங்கிவிட்டது. இடையில் பெரியம்மா பிடிப்புக்காக ஒரு கிளையில் கைவைக்கப் போனார். படகோட்டி, “அம்மா, அது தில்லை, தொடாதீங்க, பால் கண்ணுல பட்டா போச்சு” என்று கையைத் தட்டிவிட்டார்.

முதல் படகைக் கண்டுபிடித்து இன்ஹேலரை வாங்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. பெரியம்மா படகு குழாமுக்குத் திரும்பிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து சரியாகிவிட்டார். அன்று யாரும் வழி தவறவில்லை, படகோட்டியும் தவறு செய்யவில்லை. முந்நூறு நானூறு மீட்டர் தள்ளியிருந்த ஒருவருக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். அந்த இருபத்தைந்து நிமிடமும் பெரியம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு முதல் குறை ரேடியோ இல்லாதது அல்ல. இன்ஹேலர் அவர் இடுப்பில் இருந்திருக்க வேண்டும். அதை அன்று மாலையே சரிசெய்தோம். இப்போது அது ஒரு சின்னப் பையில் அவர் கழுத்தோடு தொங்குகிறது. ஆனால் மறந்துபோகும் பொருள் அது ஒன்றுதானா? அதனால் குழுவுக்கு வாக்கி டாக்கி வாங்குவது என்று முடிவு செய்தோம்.

யார், எங்கே, எவ்வளவு தூரம்

எங்கள் குழுவுக்குப் பெயர் எதுவும் கிடையாது. மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், புதுச்சேரியில் முத்தியால்பேட்டை, லாஸ்பேட்டை என்று அங்கங்கே இருக்கும் ஆறேழு குடும்பங்கள். சின்னவனுக்கு ஒன்பது வயது, பெரியவருக்கு அறுபத்தெட்டு. மாதம் ஒரு ஞாயிறு எங்காவது போவோம். ஊசுட்டேரியில் பறவை பார்ப்பது, மரக்காணம் பக்கம் கழுவேலியில் சைக்கிள், தேவனாம்பட்டினத்திலிருந்து கரையோரச் சவுக்குத் தோப்பு வழியாக நடை, வருஷத்துக்கு ஒரு தடவையாவது செஞ்சிக்கோட்டை. நான் கடலூரில் பம்ப்செட் மோட்டார் காயில் கட்டும் வேலை செய்கிறேன். வயர், வாட், ஆம்பியர் என்றால் பேசத் தெரியும் என்பதால் வாக்கி டாக்கி செட் வாங்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள்.

முதல் கூட்டம் முழுக்க ரேஞ்ச் பற்றியே பேச்சு. ஒருவர் ஐந்து கிலோமீட்டர் போதும் என்றார், இன்னொருவர் பத்து வேண்டும் என்றார். தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்களோடு வருவார். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “சரி தம்பி, இதை உங்க பெரியம்மா கையில கொடுத்தா பேசுவாங்களா?” என்றார்.

அந்தக் கேள்வியோடுதான் வேலை சரியான பக்கம் திரும்பியது. ஒவ்வொரு பயணத்தையும் நினைவுபடுத்தி, முன்னால் போனவருக்கும் பின்னால் வந்தவருக்கும் அதிகபட்சம் எவ்வளவு இடைவெளி இருந்தது என்று எழுதிப் பார்த்தோம். செஞ்சியில் ராஜகிரி உச்சிக்கு இளவட்டங்கள் ஏறிவிட்டபோது பெரியம்மா கல்யாண மகால் நிழலில் உட்கார்ந்திருந்தார். அதுகூட நேர்கோட்டில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருக்காது. சைக்கிளில் போனபோது ஒன்றரை. அதற்கு மேல் எங்கள் குழு பிரிந்ததே இல்லை. பத்து கிலோமீட்டர் யாருக்கு வேண்டும்?

ஆக, ஒன்றரை கிலோமீட்டர். மரம் இருந்தாலும் சில நூறு மீட்டராவது கேட்க வேண்டும். ஈரக்கையில் பிடிக்க வேண்டும். ஒரே பட்டனை அழுத்திப் பேசினால் போதும் என்றிருக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு ஆன் செய்தால் மதியச் சாப்பாடு தாண்டியும் சார்ஜ் நிற்க வேண்டும். சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். இதில் கடைசியாகச் சொன்னதுதான் கையில் கிடைத்த செட்டுகளில் பாதிக்கு மேல் கழித்துக் கட்டியது.

சட்டம் எதை விட்டுவைத்தது

புதுச்சேரியில் ஒரு வசதியும் வம்பும் உண்டு, வீட்டுக்கு ஒருவர் பிரான்ஸில் இருப்பார். என் மச்சான் ஒருவர் பாரிசிலிருந்து வந்தபோது பெட்டியில் ஒரு ஜோடி செட் கொண்டுவந்தார். அங்கே அதை ‘டாக்கி வாக்கி’ என்று திருப்பிச் சொல்கிறார்கள். பிள்ளைகள் ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அமெரிக்காவில் இருக்கும் இன்னொரு உறவினர், “நான் இங்கிருந்து வாங்கி அனுப்பறேன், விலை கம்மி” என்றார். கடை இணையதளங்களில் ஐந்து வாட் சீனச் செட் மலிவாகக் கிடைத்துக்கொண்டிருந்தது.

அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தும் செட் 462, 467 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. இங்கே அந்த அலைவரிசைப் பட்டையில் நமக்கு இடமில்லை. அதனால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. பிரான்ஸ் செட்டின் பட்டை 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ். இந்தியாவில் 2018இல் வந்த விதிகளின்படி உரிமம் இல்லாமல் குறைந்த சக்தி வாக்கி டாக்கி பயன்படுத்த விட்டிருப்பதும் இதே பட்டைதான். பார்த்தவுடன் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் உரிமம் வேண்டாம் என்பதற்கு ஒப்புதலும் வேண்டாம் என்று அர்த்தமில்லை. தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு அந்த மாடலுக்கு ஈ.டி.ஏ. என்கிற வகை ஒப்புதல் கொடுத்திருக்க வேண்டும். மச்சானின் செட்டுக்கு அது இல்லை. அவர் வருத்தப்பட்டார். அவர் கொண்டுவந்ததை எடுத்துப் போய் எங்கள் குழுவில் ஒருவர் செக்போஸ்டில் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம் என்று எடுத்துச் சொன்னேன், புரிந்துகொண்டார்.

ஐந்து வாட் சீனச் செட் விஷயம் வேறு. எந்த அலைவரிசையையும் விரலால் தட்டிப் போட்டுப் பேசலாம். போலீஸ் பட்டை, கடல் பட்டை, யாருடையது என்று அதற்குத் தெரியாது. உரிமம் இல்லாதவர் கையில் அது இருப்பதே தப்பு. 2025 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், உரிமம், அலைவரிசை, ஒப்புதல் விவரம் எதுவும் சொல்லாமல் வாக்கி டாக்கி விற்ற இணைய விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது, அதே மாதம் அதற்கு வழிகாட்டு நெறிகளும் போட்டது. அதனால் இப்போது வாங்குபவர் பொருளின் விவரத்தில் இரண்டு விஷயம் தேட வேண்டும்: 446.0–446.2 என்ற பட்டை, ஈ.டி.ஏ. சான்று எண். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் விட்டுவிடுங்கள். விற்பவர் “எல்லாரும் வாங்கறாங்க சார்” என்பார். கல்யாண மண்டபத்துக்கு வாங்குகிறவர் பாடு அவரோடு. நாம் காட்டுக்குள்ளும் கோட்டைக்குள்ளும் போகிறவர்கள், வனத்துறை ஆளும் தொல்லியல் துறை ஆளும் கண்ணில் படும் இடங்கள் அவை.

இன்னொரு பட்டையும் உண்டு: 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம், 26.957 முதல் 27.283 வரை, ஐந்து வாட் வரைக்கும் உரிமமில்லாமல் பேசலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த அலையின் நீளம் பதினோரு மீட்டர். அதில் நாலில் ஒரு பங்கு ஆன்டெனா என்றாலே ஒன்பது அடி. சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிற சாமானா அது? குட்டை ஆன்டெனா போட்டால் ஐந்து வாட்டில் பெரும்பகுதி அதிலேயே வீணாகிறது. 446இல் அலையின் நீளம் அறுபத்தேழு சென்டிமீட்டர்தான். கால் பங்கு என்பது ஒரு சாண் அளவுக்குள் வந்துவிடும், அதனால்தான் கையடக்கச் செட்டுக்கு அது பொருந்துகிறது.

மீன்பிடிக் குடும்பத்திலிருந்து வரும் தம்பி ஒருவன் விசைப்படகில் வைக்கும் வி.எச்.எஃப். செட்டைச் சொன்னான். அதைச் சட்டென்று மறுத்தேன். அந்தப் பட்டையில் 16ஆம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ், கடலில் ஆபத்து என்றால் கூப்பிடுவதற்கு இருப்பது. நம் ஊர்க் கடலுக்குப் போகிறவர்களுக்கு அது உயிர்க்கயிறு. புளிசோறு எங்கே என்று கேட்பதற்கு நாம் அதில் ஏறக் கூடாது. கடலுக்குள் துடுப்புப் படகு ஓட்டப்போகிறோம் என்றால் அது தனி ஏற்பாடு, தனி அனுமதி. கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண் எல்லோர் போனிலும் இருக்க வேண்டும். எங்கள் குழு கடலுக்குள் போவதில்லை.

செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியையும் ஒருவர் சொன்னார். அனுமதியில்லாமல் அதை வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகள் நம் விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். ஆரோவில்லுக்கு வரும் நண்பர்கள் உள்ளவர்கள் இதை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

அப்புறம் ஹாம் ரேடியோ, பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்களுக்கான ஏற்பாடு. தந்திப் பெரியவர் தேர்வு எழுதி உரிமம் வைத்திருப்பவர். அந்தமானில் 2004 டிசம்பர் சுனாமி வந்தபோது அங்கே முகாமிட்டிருந்த பாரதி பிரசாத்தின் ஹாம் குழு, போன் எல்லாம் செத்துப் போன நேரத்தில் செய்தி அனுப்பிக் கொடுத்ததை அவர் சொல்லும்போது குரல் மாறும். அதே சுனாமியில் அடிபட்ட ஊர்க்காரர்கள் நாங்கள். 2011 டிசம்பர் 30 காலை ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபின் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம், யாருக்கும் யாரோடும் பேச முடியாமல் எப்படித் தவித்தோம் என்பதும் மறக்கவில்லை. எனவே ஹாம் மீது எனக்குப் பெரிய மரியாதை. ஆனால் அந்த உரிமம் ஆளுக்குத்தான், செட்டுக்கு இல்லை. தேர்வு எழுதியவர் தன் செட்டைப் பெரியம்மா கையில் கொடுத்துப் பேசச் சொல்ல முடியாது. ஒன்பது வயதுப் பையனுக்கு எழுதும் வயதே வரவில்லை. எங்கள் குழுவில் இரண்டு பேர் இப்போது தேர்வுக்குப் படிக்கிறார்கள், அது அவர்கள் விருப்பம். குழுவின் செட் அதுவாக இருக்க முடியாது.

முந்திரித் தோப்பில் பார்த்தது

ஒரு கடைக்காரர் எங்கள் மேல் நம்பிக்கை வைத்து ஒரு ஜோடி அரை வாட் செட்டை ஒரு வாரத்துக்குக் கொடுத்தார். மூன்று இடத்தில் பார்த்தோம்.

முதலில் புதுச்சேரி கடற்கரைச் சாலை. மாலை ஆறிலிருந்து காலை ஏழரை வரை அங்கே வண்டி வராது என்பதால் விடியற்காலையில் போனோம். ஒருவர் வடக்குக் கோடி, ஒருவர் டூப்ளே சிலை. ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் முழுக்கப் பக்கத்தில் நின்று பேசுவது போலக் கேட்டது. அங்கிருந்து குறுக்குத் தெருவில் இரண்டு தெரு உள்ளே போனதும் கரகரப்பு. பெரிய வாய்க்கால் தாண்டியதும் ஒன்றுமில்லை.

இரண்டாவது பண்ருட்டி பக்கம், குழுவில் ஒருவரின் சொந்தக்காரர் முந்திரித் தோப்பு. முதலில் கேப்பர் மலைச் செம்மண் மேட்டைத்தான் நினைத்தோம். மத்திய சிறை இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் செட்டோடு சுற்ற வேண்டாம் என்று மாற்றிக்கொண்டோம். முந்திரி மரம் உயரமாகப் போகாது. கிளையைத் தரையோடு பரப்பிக்கொண்டு நிற்கும், ஆள் குனிந்துதான் போக வேண்டும். முந்தின நாள் மழை பெய்திருந்தது. நனைந்த இலை இந்த அலையை நன்றாகக் குடிக்கும். அதனால் எங்களுக்கு அதைவிட நல்ல சோதனை கிடைத்திருக்காது.

ஏறக்குறைய நானூற்றைம்பது மீட்டரில் சொல் உடைய ஆரம்பித்தது. அங்கேயே பெரியவரும் அவருடைய ஹாம் நண்பர் ஒருவரும் தங்கள் ஐந்து வாட் செட்டை, தங்களுக்கு அனுமதியுள்ள பட்டையில் போட்டுப் பார்த்தார்கள். அது எழுநூறு மீட்டர் சொச்சம் வரை வந்தது. பத்து மடங்கு வாட்டுக்குத் தூரம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. மோட்டார் வேலை செய்யும் எனக்கு இது முதலில் நம்ப முடியவில்லை. பெரியவர் மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டினார். தரையை ஒட்டிப் போகும் அலையின் பலம் தூரத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பத் தேய்கிறது. பத்து மடங்கு பலம் கொடுத்தால் கணக்கிலேயே ஒன்றே முக்கால் மடங்கு தூரம்தான். மரம் இருந்தால் அதற்கும் கீழே.

அதன்பின் அவர் செய்ததுதான் எனக்கு மறக்காதது. சொல் உடைந்த அதே இடத்தில் நின்ற பையனிடம், “இடுப்புல இருந்து எடுத்துத் தலைக்கு மேல தூக்கிப் பிடி” என்றார். தூக்கினான். என் கையிலிருந்த செட்டில் கரகரப்பு விலகி அந்தப் பக்கத்துச் சத்தம் முழுசாக வந்தது, பின்னால் ஒரு குயில் கூவுவதுகூட. உயரம் இரண்டு மடங்கானால் நாலு மடங்கு வாட் போட்டது போல. அதோடு இடுப்பில் தொங்கும்போது நம் உடம்பே அலையைத் தடுக்கிறது, உடம்பு என்பது தண்ணீர்ப் பைதானே. காசில்லாமல் கிடைத்த வாட் அது.

மூன்றாவது செஞ்சி. ராஜகிரி உச்சியிலிருந்து அடிவாரம் கண்ணாடி போலக் கேட்டது. ஆனால் ஒருவர் பெரிய பாறைக்குப் பின்னால் போய் நின்றதும் முந்நூறு மீட்டரிலேயே ஒன்றும் இல்லை. கல்லை எந்த வாட்டும் துளைக்காது.

செட் பெட்டியில் பத்து கிலோமீட்டர் என்று போட்டிருப்பது பொய் என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேர் ஒன்றரை மீட்டர் உயரத்தில் செட்டைப் பிடித்து, நடுவில் ஒரு புதர்கூட இல்லாமல் நின்றால், பூமியின் வளைவு மறைக்கும் தூரம் ஏறக்குறைய அவ்வளவு வரும். படகில் உட்கார்ந்தால் கை தண்ணீரிலிருந்து முக்கால் மீட்டர்தான், ஏழு கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். இதெல்லாம் வெட்டவெளிக் கணக்கு. சுரபுன்னைக் கால்வாயில் அது நடக்காது.

எதை வாங்கினோம்

ஆளுக்கு ஆயிரம் போட்டதில் பதினெட்டாயிரம் சேர்ந்தது. ஒரே மாடலில் ஆறு செட் வாங்கினோம். ஒரே மாடல் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். ஒருவர் சார்ஜர் கெட்டால் இன்னொருவர் சார்ஜர் உதவும். பெரியம்மாவுக்கு ஒரு பட்டன் பழகினால் எந்தச் செட்டை எடுத்தாலும் அது அதே இடத்தில் இருக்கும். குழுவில் ஒரு இன்ஜினியர் தம்பி, லோரா என்கிற சின்னக் கருவிகளைச் சங்கிலி போலக் கோத்து எழுத்துச் செய்தி அனுப்பலாம் என்று செய்தே காட்டினான். 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம் அதற்கும் உரிமம் வேண்டாம். அருமையாக வேலை செய்தது, ஒரு செட்டிலிருந்து இன்னொன்று வாங்கித் தானே கடத்திவிடுகிறது. ஆனால் அதற்குப் போனைக் கையில் எடுத்துத் தட்டச்சு செய்ய வேண்டும். மூச்சு இழுக்கும் ஒருவர் எப்படித் தட்டச்சு செய்வார்? அவனுக்கே அது புரிந்தது.

தண்ணீருக்கு ஐ.பி. 67 தரம் உள்ளதை எடுத்தோம். ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று அதற்கு அர்த்தம். இதைவிட மலிவான செட் தெறிக்கும் தண்ணீரைத்தான் தாங்கும். வாங்கிய பிறகு பிச்சாவரத்துப் படகோட்டி ஒருவரிடம் காட்டினேன். கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, “இது தண்ணியில விழுந்தா மிதக்குமா சார்?” என்று கேட்டார். எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டில் அண்டாவில் தண்ணீர் நிரப்பிப் போட்டுப் பார்த்தால், கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. நனையாமல் இருந்து என்ன பயன், சேற்றுக்குள் போனால் யார் எடுப்பது? கடலூர் முதுநகரில் வலைக்குக் கட்டும் மிதவைகளை வாங்கி, ஒவ்வொரு செட்டின் கயிற்றிலும் இரண்டு கோத்தோம். இப்போது மிதக்கிறது, ஆன்டெனா மட்டும் மேலே தெரிகிறது.

குரலைக் கேட்டுத் தானே ஆன் ஆகும் வசதி அதில் இருந்தது. கை ஓயும் என்று ஆசையாகத்தான் இருந்தது. தேவனாம்பட்டினத்தில் காற்று வீசியதும் அதுவே பேச ஆரம்பித்து மற்ற யாரையும் பேச விடவில்லை. அணைத்துவிட்டோம். பேசி முடித்ததும் வரும் பீப் சத்தத்தையும் அணைத்தோம், பறவை பார்க்கிற இடத்தில் அது வேண்டாம்.

செஞ்சியில் ஒரு குழப்பம்

வாங்கிய மாதமே செஞ்சிக்குப் போனோம். நடுவில் வந்த மாமாவின் செட்டில் ஒரு விசித்திரம். நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்கிறது, அவர் பேசுவது எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. அவர் பதில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக் கோபமாகிவிட்டார். நாங்கள் அவர் செட்டை ஆஃப் செய்துவிட்டார் என்று நினைத்து இரண்டு பேரை இறக்கி அனுப்பினோம்.

காரணம் சின்னது. இந்தச் செட்டுகளில் சேனலோடு ஒரு துணை எண்ணும் வைக்கலாம். நம் பேச்சோடு காதுக்குக் கேட்காத ஒரு மெல்லிய ஒலியும் போகும், அந்த ஒலி வந்தால்தான் எதிர்ச் செட் வாயைத் திறக்கும். பெட்டியில் அதை ‘ரகசியக் குறியீடு’ என்று போட்டிருந்தார்கள். ரகசியமும் இல்லை ஒன்றும் இல்லை, குறியீடு வைக்காத எவரும் நாம் பேசுவதைக் கேட்கலாம். மற்றவர் சத்தம் நம் காதில் விழாமல் இருக்கும், அவ்வளவுதான். மாமாவின் செட்டைப் பேரன் நோண்டியதில் அந்த எண் பூஜ்யமாகிவிட்டது. பூஜ்யத்தில் இருக்கும் செட்டுக்கு எல்லாம் கேட்கும், அது பேசுவது குறியீடு வைத்த எவருக்கும் கேட்காது.

அன்று மாலை அடிவாரத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஆறு செட்டிலும் குறியீட்டை எடுத்துப் பூஜ்யமாக்கிவிட்டேன். சில பேர் ஆட்சேபித்தார்கள், வேறு கூட்டத்துச் சத்தம் வருமே என்று. வரும்தான். உரிமம் இல்லாத பட்டை எல்லோருக்கும் பொது, யார் குறுக்கே வந்தாலும் புகார் சொல்ல இடமில்லை. ஆனால் குறுக்குப் பேச்சைச் சகித்துக்கொள்ளலாம், அமைதியாகக் கிடக்கும் செட்டைக் கண்டுபிடிக்க முடியாது. கிளம்பும் முன் காலியாக இருக்கும் சேனல் ஒன்றைப் பார்த்து எல்லோரும் அதில் போட்டு, கீ லாக் செய்துவிடுகிறோம். பேரனுக்கும் தனியாக ஒரு வேலை கொடுத்தோம்: லாக் போட்டிருக்கிறதா என்று ஆறு செட்டையும் அவன்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பேசும் முறையைப் பெரியவர் சொல்லிக் கொடுத்தார். பட்டனை அழுத்தி, மனதுக்குள் ‘ஒன்று’ எண்ணிவிட்டுப் பேச வேண்டும், இல்லாவிட்டால் முதல் சொல் வெட்டுப்படும். “வேண்டாம்” என்பது “டாம்” என்று போனால் என்ன ஆகும் என்று அவர் கேட்டார். பெயர் சொல்லிக் கூப்பிடாமல் இடத்தைச் சொல்ல வேண்டும்: முதல், நடு, கடைசி. ஆள் மாறினாலும் இடம் மாறாது. செட் பங்கிடும்போதும் கடைசி ஆளுக்குக் கொடுத்த பிறகே மற்றவர்களுக்கு. ஏனென்றால் முன்னால் போகிறவர் திரும்பிப் பார்த்தால் யாரையாவது பார்ப்பார், கடைசியில் வருபவருக்குப் பின்னால் யாரும் இல்லை. விசிலையும் கழுத்திலிருந்து கழற்றவில்லை. மூன்று ஊதல் என்றால் ஆபத்து, சார்ஜ் தீர்ந்தாலும் அது வேலை செய்யும்.

மறுபடி பிச்சாவரம்

அடுத்த தை மாதம் திரும்பப் போனோம். படகு குழாமில் முன்கூட்டியே செட்டைக் காட்டிச் சொல்லிவிட்டோம். ஐந்து படகு, ஐந்து செட், ஒன்று உபரி. செட்டின் சத்தத்தை அரைவாசிக்கும் கீழே குறைத்து வைத்தோம், நாரை, கொக்கெல்லாம் கலைந்தால் அங்கே எதற்குப் போவது?

கால்வாய் அதே இடத்தில் பிரிந்தது. நூற்றைம்பது மீட்டர் வரை நன்றாக இருந்தது. இரண்டு வளைவு தாண்டியதும் முதல் படகிலிருந்து கடைசிப் படகுக்குச் சொல் போகவில்லை. முந்திரித் தோப்பைவிட இது அடர்த்தி, அதிலும் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். இதை எதிர்பார்த்தே நடுப்படகில் பெரியவரை வைத்திருந்தோம். முதல் படகு சொன்னதை அவர் வாங்கி, செட்டைத் தலைக்கு மேல் தூக்கி, அப்படியே சொல்லுக்குச் சொல் கடைசிப் படகுக்குச் சொன்னார். தந்தி ஆபீசில் பல வருஷம் செய்த வேலைதான் அது, ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவர் முகத்தில் அன்று இருந்த நிறைவை நான் பார்த்தேன்.

பெரியம்மா கடைசிப் படகில். இன்ஹேலர் கழுத்தில், செட் கையில். முக்கால் மணி நேரம் கழித்து முதல் தடவையாக அவர் குரல் வந்தது. ‘ஒன்று’ எண்ணிவிட்டுத்தான் பேசினார்.

“கடைசிப் படகு. பசிக்குது. புளிசோறு எந்தப் படகுல இருக்கு?”

முதல் படகில் இருந்தது. மறுபடியும் அதே துணிப்பைக்குள். நடுப்படகு வழியாகப் பதில் போய், இரண்டு கால்வாயும் சேரும் இடத்தில் காத்திருந்து கொடுத்தார்கள். அதற்கு ஆறு நிமிடம் ஆனது.

இன்னும் சரியாகாதவை உண்டு. உப்புக் காற்றில் இரண்டு செட்டின் சார்ஜ் முனை பச்சை பிடித்துவிட்டது. ஒன்று முழு இரவு போட்டும் ஏறவில்லை. ரப்பரால் தேய்த்து எடுத்தேன், இப்போது ஏறுகிறது. வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்து, நிழலில் காயவைத்த பிறகே சார்ஜ் போடுவது என்று வைத்திருக்கிறோம். பெரியம்மாவுக்கு வலது காது கொஞ்சம் மந்தம், சத்தத்தைக் குறைத்தால் தவறவிடுகிறார். காதில் மாட்டும் ஒயர் வாங்கினோம். அது மாட்டும் துளையின் மூடியைத் திறந்தால் தண்ணீர் தாங்கும் தரம் போய்விடும் என்று கையேட்டில் இருக்கிறது. அதனால் கரையில் நடக்கும்போது ஒயர், படகில் ஒயர் இல்லாமல் அவர் பக்கத்தில் காது கேட்கும் ஒருவர். அடுத்த பயணம் கழுவேலி, சைக்கிளில். செட்டை ஹேண்டில்பாரில் எப்படிக் கட்டுவது என்று இந்த வாரம் பழைய டியூபை வெட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.